பெருமாள் நிலத்துப் பேரம்

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் உட்கார்ந்தால், முத்துகிருஷ்ணன் ஐயாவுக்கு இன்னும் ஏன் நிலம் வேண்டும் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பேராசை என்பார் ஒருவர். என்ன போட்டாலும் நிறையாத வயிறு என்பார் இன்னொருவர். செத்தால் எதை எடுத்துக்கொண்டு போகப் போகிறார் என்று கேட்டுவிட்டு, உலகத்தில் யாரும் சொல்லாததைச் சொல்லிவிட்ட தோரணையில் டீயை உறிஞ்சுவார் மற்றொருவர். நான் வாயைத் திறப்பதில்லை. அவருக்கு நிலம் பிடித்துக் கொடுக்கிற புரோக்கர் நான்தான். எனக்குத் தெரிந்த காரணத்தைச் சொன்னால் அவர்கள் நம்பவும் மாட்டார்கள்.

ஐயாவுக்கு மலையை உடைக்கிற குவாரிகள் இருக்கின்றன. வாலாஜாபாத்தில் அரிசி மில்கள், பைபாஸ் ஓரம் ஒரு பொறியியல் கல்லூரி, கல்யாண மண்டபங்கள். தேர்தல் வந்தால் எந்தக் கட்சிக்காரர் நின்றாலும் முதலில் அவர் வீட்டுப் படியேறிவிட்டுத்தான் அம்மன் கோவிலுக்குப் போவார். மனைவி பவளம் அம்மாள் இறந்து சில வருஷம் ஆகிறது. மகன் வினோத்குமார் மாடியில்தான் இருக்கிறான். ஆனால் மாடிக்குத் தனி வாசல், தனி கேட். அப்பாவிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் ஆடிட்டரிடம் சொல்லி அனுப்புவான். கீழே அத்தனை பெரிய ஹாலில் ஐயா, ஒரு சமையல்காரர், சுவரில் மாலை போட்ட பவளம் அம்மாள். அவ்வளவுதான்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. எத்தனை பெரிய சொத்தாக இருந்தாலும், விற்கிறவர் நேரில் வந்து எதிரே நாற்காலியில் உட்கார வேண்டும். விலையை வாயால் பேசக் கூடாது. இருவர் கை மேலும் ஒரு துண்டைப் போட்டுவிட்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேசுவார். மாட்டுச் சந்தையில் பேசுகிற பேச்சு அது. எந்த விரலைப் பிடித்தால் எவ்வளவு, விரலை மடக்கினால் என்ன, கையை மொத்தமாகப் பிடித்தால் என்ன என்று கணக்கு இருக்கிறது. பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூட விலை தெரியாது. சென்னையிலிருந்து சூட்கேஸோடு வந்தவர்களையும் அவர் இப்படித்தான் உட்கார வைப்பார். அவர்கள் சிரித்துக்கொண்டே கையை நீட்டுவார்கள், ஒன்றும் புரியாமல் என்னைப் பார்ப்பார்கள், நான் காதில் சொல்லித் தருவேன். பெரிய மனிதர்களின் கோணங்கித்தனத்துக்கு மரியாதைப் பெயர்தான் கிடைக்கும்; 'ஐயாவோட பழக்கம்' என்பார்கள்.

சந்தைப் பழக்கம் அவருக்கு வந்தது இளவயதில். அப்போது அவர் குடும்பத்தில் நிலம் இருந்தது, காசு இல்லை. மாடு வாங்கி விற்றார். அவரோடு மாடு ஓட்டிக்கொண்டு போனவர் எங்கள் தெருப் பெருமாள். எங்கள் தெரு மாகறலில் செய்யாற்றுப் பக்கம், ஊரைவிட்டுக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. ஏன் தள்ளி இருக்கிறது என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் ஐயா சாப்பிட்ட கடைக்குள் பெருமாள் மாமா நுழைய முடியாது. துண்டுக்குள் மட்டும் இரண்டு பேரும் மணிக்கணக்கில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மாடு விற்ற காசில்தான் மாமா ஆற்றோரமாக ஒரு துண்டு நிலம் வாங்கினார். எங்கள் தெருவில் பட்டா நிலம் வாங்கிய முதல் ஆள் அவர்.

பிற்பாடு அந்த நிலத்தைச் சுற்றி இருந்ததையெல்லாம் ஐயா வாங்கிவிட்டார். மாமாவின் நிலத்துக்குப் போகிற பாதையும் ஐயாவின் வேலிக்குள்தான் வருகிறது. மாமா போக வர அவர் ஒரு நாளும் தடுத்ததில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

இந்த வருஷம் மாமாவே விற்க முடிவு செய்தார். அவர் மனைவி ஆண்டாளம்மாளுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. குளிக்க வைப்பது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் மாமாதான். அவருக்கும் வயசாகிவிட்டது, தூக்கும்போது இரண்டு பேரும் சேர்ந்து விழுந்ததும் உண்டு. ஒரே மகள் செவ்வந்தி சுங்குவார்சத்திரத்தில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். கம்பெனி வேலை, ஒற்றை அறை வீடு, மாமியாரோடு நான்கு பேர். மொட்டை மாடியில் ஒரு ரூம் எடுத்துவிட்டால் அம்மாவையும் அப்பாவையும் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறேன் என்றாள். அந்த ரூமுக்குத்தான் நிலம். ஆண்டாள் அத்தைக்கு வாய் கோணி, பேச்சு குழறும். நான் எப்போது போனாலும் ஒரே கேள்விதான்.

"பொண்ணு வூட்டுக்கு எப்போ போறோம்?"

"தோ, அடுத்த மாசம் அத்த," என்பேன். புரோக்கர் வாய், சுலபமாக வரும்.

ஐயாவிடம் சொன்னேன். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குவாரி லைசென்ஸ் கிடைத்தபோதுகூட அப்படி இல்லை. "பெருமாளா? பெருமாளா விக்கிறான்? கார அனுப்புறேன், இட்டுகினு வா," என்றார்.

பெரிய வெள்ளைக் கார் எங்கள் தெருமுனைக்கு வந்தது. மாமா முன் சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்தத் தெரியாமல் மடியில் கையை வைத்துக்கொண்டு வந்தார். பங்களா வராந்தாவில் இரண்டு நாற்காலி எதிரெதிரே போட்டிருந்தது. சமையல்காரர் காபி கொண்டுவந்தார். ஐயாவுக்கு எவர்சில்வர் டம்ளர், எனக்கும் மாமாவுக்கும் பேப்பர் கப். ஐயாவுக்கு அது கண்ணில் படவில்லை. என் கண்ணில் எப்போதும் படும்.

இருவர் கை மேலும் துண்டு விழுந்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், தோட்டத்துப் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். துண்டு மட்டும் அசைந்தது. மாமாவுக்கு வீட்டில் அத்தை காத்துக் கிடக்கிறார், பேரத்தை இழுக்க அவருக்கு நேரமில்லை. ஐயா வைத்த முதல் விலைக்கே சம்மதம் என்று கையை அழுத்திவிட்டார்.

ஐயா கையை உருவிக்கொண்டார்.

"இன்னாடா, இம்மா சீக்கிரம் ஒத்துக்கிற? நெலத்துல எதுனா வில்லங்கம் கீதா?"

"வில்லங்கம் இன்னா கீது மொதலாளி. அவளுக்கு ஒடம்பு செரியில்ல. அதான்."

"அதுக்குன்னு மொத வெலைக்கு எவனாச்சும் குடுப்பானா? நீ சந்தையில என்னிக்காவது அப்படிக் குடுத்திருக்கியா? அடுத்த வாரம் வா, நிதானமா பேசலாம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. அடுத்த வாரம் கார் வந்தது. மாமா இந்தத் தடவை கொஞ்சம் கூட்டிக் கேட்டார். ஐயா விரலை மடக்கிக் குறைத்தார். பிறகு கொஞ்சம் ஏற்றினார். மாமா சம்மதம் என்று அழுத்தப் போகும்போது ஐயா பேச்சை மாற்றிவிட்டார். அந்தக் காலத்தில் செய்யாற்றைத் தாண்டும்போது வண்டியோடு படுத்துக்கொண்ட காளையைப் பற்றிக் கேட்டார். அந்தக் காளையை எழுப்ப மாமா அதன் காதில் என்னமோ சொன்னாரே, என்ன அது?

"ஒன்னும் சொல்லல மொதலாளி. வால கடிச்சேன்."

ஐயா சிரித்தார். இத்தனை வருஷத்தில் அவருடைய பல்லை நான் அன்றுதான் பார்த்தேன். சிரிக்கும்போதும் துண்டுக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை. வெயில் ஏறியதும், "செரி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்," என்று எழுந்துவிட்டார்.

அதற்கடுத்த வாரமும் அப்படியே. ஒரு வாரம் ஏற்றுவார், மறு வாரம் இறக்குவார். மாமா பழைய சந்தைக்காரர், கை விரலில் என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியும். காரில் திரும்பும்போது என்னிடம் சொன்னார்: "இவரு வாங்க வர்லடா சாம்சன். புடிச்சிகினு ஒக்காரத்துக்கு வர்றாரு."

"நீ கைய இழுத்துக்கறதுதானே மாமா?"

"இழுத்தா நெலத்த யாரு வாங்குவா?"

அது நியாயமான கேள்வி. வேறு ஆள் தேடினேன். தாம்பரத்திலிருந்து ஒருவரை அழைத்துவந்தேன், பண்ணை வீடு கட்ட ஆசைப்படுகிறவர். ஆற்றைப் பார்த்தார், மண்ணை அள்ளிப் பார்த்தார், போனில் படம் எடுத்தார். பாதை யாருடையது என்று கேட்டார். சொன்னேன். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு நல்ல ஓட்டல் எது என்று விசாரித்தார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. ஐயா யாரையும் மிரட்டவில்லை. அவர் பெயரே போதும்.

அந்த வாரங்களில் ஆண்டாள் அத்தை மெலிந்துகொண்டே போனார். முதுகில் புண் வந்தது. செவ்வந்தி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, அம்மாவைத் துடைத்துவிட்டு, புடவையெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, செங்கல்லு அட்வான்ஸ் குடுத்து வெச்சிகீறேன். கொத்தனாரு தெனம் போன் பண்றான். எப்போ முடியும், ஒரு நாளு சொல்லு."

'அடுத்த மாசம்' என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. ஐயா மேல் எனக்கு வந்த கோபம் அப்படியே மண்டைக்கு ஏறியது. மறுநாள் காலை, கார் எதுவும் அனுப்பாத நாள், நானாகவே பங்களாவுக்குப் போனேன். ஐயா வராந்தாவில் தனியாக நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேலே மாடியில் வினோத்குமார் யாரிடமோ போனில் சத்தமாகச் சிரிக்கும் குரல் கேட்டது. ஐயா இட்லியைப் பிட்ட கையோடு கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஐயா, அந்த நெலம் உங்களுக்கு வேணுமா வேணாமா?"

"வேணும்."

"அப்போ வாங்கிக்கங்க. அங்க ஒரு பொம்பள படுத்த படுக்கையா கெடக்குது. உங்களுக்கு இது ஒரு வெலையே இல்ல."

நான் அவரிடம் இந்தக் குரலில் பேசியதில்லை. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வாங்கிட்டா அப்பால வருவானா?" என்றார்.

"யாரு?"

"பெருமாளு. பத்திரம் முடிஞ்சா அப்பால எதுக்கு வரப் போறான்? எத்தினி பேர்கிட்ட வாங்கிகீறேன் சாம்சன். கையெழுத்து போடற வரிக்கும் ஐயா ஐயான்னு வந்து ஒக்காருவான். அன்னிக்கு சாயங்காலமே மூஞ்சி மறந்துடும். கல்யாணப் பத்திரிகை குடுப்பான். போனா, மேடையில நிக்க வெச்சி போட்டோ எடுத்துகினு, கார் வரிக்கும் வழியனுப்பிட்டு பூடுவான். எவனாவது ஒக்காந்து பேசறானா? நீயே பேசுவியா? நெலம் இல்லன்னா நீ இங்க எதுக்கு வர்ற?"

உண்மைதான், நிலம் இல்லாவிட்டால் நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். இத்தனை மலையும் மில்லும் இந்த மனிதருக்கு எதிரே ஒரு நாற்காலியை நிரப்பத்தானா என்று நினைத்தபோது எனக்குப் பாவமாக இருந்தது. பாவப்பட்டதற்காக என் மேலேயே எரிச்சலும் வந்தது. அவருடைய தனிமைக்கு அங்கே ஆண்டாள் அத்தை முதுகுப் புண்ணோடு விலை கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இந்த வாரம் முடிச்சிடுங்க ஐயா," என்றேன்.

"முடிக்கறேன், முடிக்கறேன். இட்டுகினு வா."

அந்த வாரமும் முடிக்கவில்லை. காளையைப் பற்றி மறுபடி கேட்டார். மாமா சிரிக்கவில்லை. கை துண்டுக்குள் இருந்தது, கண் சுவர்க் கடிகாரத்தின் மேல் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணை அத்தையிடம் உட்கார வைத்துவிட்டு வந்திருந்தார். அந்தப் பெண் கழனி வேலைக்குப் போக வேண்டும்.

அதற்கடுத்த கார் வருவதற்குள் ஆண்டாள் அத்தை போய்விட்டார். காலையில் கஞ்சி ஊட்டப் போன மாமா, ஸ்பூனை வாயருகே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். வெயில் ஏறுவதற்குள் செவ்வந்தி வந்து சேர்ந்தாள். தெருவே கூடியது. பறை அடித்தார்கள். மாமாவை வாசலில் பெஞ்சில் உட்கார வைத்திருந்தோம். எங்கள் பக்கம் துக்கத்துக்கு வருகிற ஆண்கள் வரிசையாக வந்து கை கொடுப்பார்கள். பேச்சு கிடையாது. உட்கார்ந்திருப்பவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருப்பார், வருகிறவர் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். அவ்வளவில் எல்லாம் சொன்னதாக அர்த்தம்.

வெள்ளைக் கார் தெருமுனையில் வந்து நின்றது. ஐயா இறங்கி நடந்து வந்தார். எங்கள் தெருவுக்குள் அவர் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள், பறைக்காரர்கள்கூடக் கையைத் தளர்த்தினார்கள். யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ஓடிப் போய் எடுத்துவந்தார்கள். ஐயா அதில் உட்காரவில்லை. வரிசையின் கடைசியில் போய் நின்றார். முன்னால் நின்றவர்கள் விலகி வழி விட்டதும், வேறு வழியில்லாமல் முன்னுக்கு வந்தார். மாமாவின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் தொட்ட நேரத்தைவிட அதிக நேரம் பிடித்திருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அது பொய்க் கலக்கம் இல்லை, எனக்கு மனிதர்களைப் பார்க்கத் தெரியும். எனக்கு அப்போது அவர் மேல் இருந்த கோபம்கூடக் கொஞ்சம் இறங்கியது. மாமா மட்டும் ஒரு கணம் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கையை விடுவித்து, பின்னால் நின்றவருக்கு நீட்டினார்.

ஆற்றோரமாகக் காரியத்தை முடித்துக்கொண்டு திரும்பி வரும்போது, மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஈர வேட்டியோடு நின்றுகொண்டிருந்தார். வலது கையை இடது கையால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"சாம்சன், கை குடுத்தப்போ அவரு வெல வெச்சாருப்பா."

எனக்குப் புரியவில்லை.

"விரல புடிச்சாரு. நான் மொத நாளு மனசுல நெனச்சி வந்த வெல. அதுக்கும் மேல. அத அப்பவே குடுத்திருந்தா ரெண்டு ரூம் எடுத்திருக்கலாம்."

"நீ இன்னா பண்ண மாமா?"

"நான் இன்னா பண்றது. பின்னால ஆளு நிக்குதே," என்றார். அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை, அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

கருமாதி முடிந்ததும் செவ்வந்தி அப்பாவை அழைத்துக்கொண்டு போனாள். ரூம் எடுக்கவில்லை. மாமா ஒருவர்தானே, மாடிப்படிக்குக் கீழே ஒரு கட்டில் போட இடமிருந்தது. நிலத்தை என்ன செய்வது என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார். விலை பேச வேண்டாம், யாரிடமும் பேச வேண்டாம் என்றார்.

ஐயா ஆள் விட்டுக் கூப்பிட்டார். போனேன். வராந்தாவில் இரண்டு நாற்காலியும் எதிரெதிரே போட்டபடி இருந்தன. என்னை நிற்க வைத்தே பேசினார்.

"பெருமாளு எதுனா சொன்னானா?"

"ஒன்னும் சொல்லல."

"நான் வெச்ச வெல கம்மியா பூட்சா?"

அவர் உண்மையாகவே கேட்டார். கிண்டல் இல்லை, திமிர் இல்லை. ஏதாவது தப்பு செய்துவிட்டோமா என்று பயந்த முகம்.

"ஐயா, அது சாவு வூடு. அந்தம்மா ரூம் இல்லாம காத்துக் கெடந்தே செத்துது."

"தெரியும்டா," என்றார். கொஞ்ச நேரம் எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் கைய புடிச்சிகினு எதுனா சொல்லணும்னுதான் போனேன். எனக்கு வேற இன்னா சொல்றதுன்னு தெரியல."

மாடி வாசல் பக்கம் கார் கதவு சாத்துகிற சத்தமும், அந்தத் தனி கேட் திறக்கிற சத்தமும் கேட்டன. ஐயா தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

"இனிமே வர மாட்டானா?"

"எதுக்கு வருவாரு ஐயா? அவரு இனிமே நெலத்த விக்கறதா இல்ல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நான் திரும்பி, படியிறங்கிச் செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"சாம்சன், புள்ளலூர் பக்கம் எவனாவது நெலம் விக்கிறானான்னு பாரு. எம்மா இருந்தாலும் பரவால்ல, வாங்கிக்கலாம்." நான் இரண்டாவது செருப்பை மாட்டினேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கெஞ்சுவது போலச் சொன்னார்: "அவசரம் இல்லாத ஆளா பாரு."